மூன்று மாத விசா

இங்கிலாந்தில் படிக்க இடம் கிடைத்த செய்தி தேவதாசனுக்கும் குமாரசிங்கத்துக்கும் ஒரே தபாலில் வந்தது. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தைந்தாம் ஆண்டு, சித்திரை மழைக்காலம். தோட்டங்களின் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒரு வேலைத்தளத்தில், பதுளையில், இருவரும் எஞ்சினியர்களாக இருந்தார்கள். குமாரசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரன். தேவதாசன் பெரகலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் தேயிலை பதனிடும் வேலைக்குப் பொறுப்பான டீமேக்கராக இருந்த யாகோப்பின் மகன். கொழும்பில் ஒன்றாகப் படித்து, பதுளையில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தவர்கள். செய்தியைப் படித்ததும் குமாரசிங்கம் கையிலிருந்த ஸ்பேனரை மேசையில் போட்டுவிட்டு அவனைக் கட்டிப்பிடித்தான்.

"ரெண்டு பேரும் ஒரே கப்பல்லை போறம் மச்சான்!"

அவர்கள் படிக்கப் போனது புது இயந்திரம் எதையும் பற்றியல்ல. ஒரு தொழிற்சாலையில் எந்த வேலை எதற்குப் பின் நடக்கவேண்டும், ஆள் எங்கே சும்மா நிற்கிறான், சரக்கு எங்கே தேங்குகிறது என்று பார்த்து ஒழுங்குபடுத்துகிற மேற்படிப்பு. பொறியியல் நிர்வாகம் என்றார்கள். இலங்கையில் அப்போது அதைப் படிக்க இடமில்லை.

தேவதாசனுக்கு அந்த ஆசை வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. போன வருடம் அப்பாவின் ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள்) கொழுந்தை உருட்டுகிற ரோலரைப் பார்க்கப் போயிருந்தான். ரோலரில் ஒரு பழுதும் இல்லை. கொழுந்து முழுவதும் பின்னேரம் ஒரேயடியாக லொறியில் வந்து இறங்கியது. வாட்டுகிற மாடியில் இடமில்லாமல் கீழே அம்பாரமாகக் குவிந்து, உள்ளே சூடேறிச் சிவந்துபோய்க் கிடந்தது. அவன் தோட்டத்துத் துரையிடம் போய், லொறி வருகிற முறையை மாற்றினால் இது நடக்காது என்றான். துரை கேட்டார்:

"ரோலர் ஓடுகிறதா?"

"ஓடுது சார்."

"அப்படியானால் உன் வேலை முடிந்தது."

அந்தப் பதிலுக்கு எதிர்ப்பேச்சுப் பேச ஒரு தகுதி வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தான்.

உதவிச் சம்பளத்துக்குப் பங்குச் சாமியார் ஏற்பாடு செய்தார். பாஸ்போர்ட்தான் பாக்கி. இருவரும் ஒரே நாளில் விண்ணப்பித்தார்கள். குமாரசிங்கத்துக்கு அந்த மாதமே வந்துவிட்டது. தேவதாசனிடம் இலங்கைப் பிரஜை என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள்.

பதுளைக் கச்சேரி என்ற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் அந்த வேலையைப் பார்த்தவர் பரமலிங்கம் என்ற கிளாக்கர். நல்ல மனிதர். உட்காரச் சொல்லித்தான் பேசினார்.

"தம்பி, பிரஜாவுரிமை கேட்டு உங்கட அப்பா குடுத்த மனு இன்னும் விசாரணைக்கு வரேல்லை. அப்ப உங்களுக்கு இருபத்தொண்டு ஆகேல்லை, அதாலை உங்கட பேரும் அதுக்குள்ளைதான் இருக்கு. அது முடிஞ்சால்தான் இது."

"நான் பொறந்ததே இந்தப் பதுளை ஆஸ்பத்திரியிலதாங்க ஐயா."

"இந்தியாவிலையிருந்து வந்த தோட்டத்துச் சனத்துக்குப் பிறந்தது மட்டும் காணாதெண்டுதானே சட்டம் போட்டிருக்கிறாங்கள்." அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு விளங்குது. நான் என்ன செய்ய?"

நாலு வருடமாகத் தூங்குகிற மனுவை எழுப்ப அவன் கொழும்புக்கும் கண்டிக்குமாக அலைந்தான். புரட்டாதி வந்தது. குமாரசிங்கத்தை ரயிலேற்றிவிடப் போனபோது, ஸ்டேஷனில் இருந்த யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்கள் எல்லோரும் "நீங்கள் எப்ப தம்பி போறியள்?" என்று மாறி மாறிக் கேட்டார்கள். கடைசியில் அவன் டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு மேடையின் அடுத்த கோடிக்குப் போய் நின்றான். ரயில் நகர்ந்தபோது குமாரசிங்கம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவனைத் தேடினான். கையைக் காட்டக்கூட தேவதாசனுக்கு மனம் வரவில்லை.

பல்கலைக்கழகம் ஒரு வருடம் பொறுப்பதாகச் சொன்னது. விசாரணை அடுத்த மாசியில் வந்தது.

பஸ்ஸில் வரும்போதே யாகோப்பு மனைவியிடம் திருப்பித் திருப்பிச் சொன்னார்: "இருதயம்மா, ஊருக்குப் போயி எத்தன நாள் இருந்தேன்னு கேப்பாங்க. ஆறு மாசம்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத."

அவள் தலையாட்டினாள்.

தேவதாசனுக்குப் பதினொரு வயதில் குடற்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கைவிட்டார்கள். பிழைத்தால் வேளாங்கண்ணிக்குக் கூட்டிவருவதாக இருதயம்மா நேர்ந்துகொண்டாள். பிழைத்தான். கூட்டிக்கொண்டு போனாள். போன இடத்தில் யுத்தம் வலுத்தது, கொழும்பில் குண்டு விழுந்தது, கப்பல் நின்றது. திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. மனுதாரரின் மனைவியோ பிள்ளையோ பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளிநாட்டில் இருந்திருந்தால் பிரஜாவுரிமை கிடையாது என்பது சட்டம்.

விசாரித்த அதிகாரி சிங்களவர். பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். கத்தவில்லை, மிரட்டவில்லை. கலியாணம் எங்கே நடந்தது, பிள்ளைகள் எங்கே பிறந்தன என்று சாதாரணமாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"இந்தியாவுக்குப் போனதுண்டா?"

"போனோமுங்க. மாதா கோயிலுக்கு."

"எவ்வளவு காலம் இருந்தீர்கள்?"

இருதயம்மா புருஷனைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். அவளுடைய விரல்கள் கழுத்திலிருந்த ஜெபமாலையைத் தொட்டன.

"ஒரு பெரிய திருநாளுக்குப் போனோமுங்க. அடுத்த வருசத் திருநாளும் அங்கயே கும்புட்டுட்டு, அப்புறமாத்தான் வர முடிஞ்சிச்சு."

யாகோப்பு கண்ணை மூடிக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் தயங்கி, பிறகு அப்படியே சொன்னார். அதிகாரி எழுதினார். யுத்த காலம், கப்பல் இல்லை என்று தேவதாசன் எழுந்து ஆங்கிலத்தில் சொன்னான். அதையும் எழுதிக்கொண்டார். மனு நிராகரிக்கப்பட்டது.

வெளியே வந்ததும் கச்சேரி வாசலிலேயே அவன் வெடித்தான்.

"ஒரு வார்த்தம்மா! ஒரே ஒரு வார்த்த மாத்திச் சொல்லியிருந்தா என்ன கொறஞ்சி போயிருக்கும்?"

"மாதா காரியத்துல பொய் சொல்ல எனக்கு வாய் வரலப்பா. உன்ன உசிரோட குடுத்தவ."

"அவளா எனக்கு பாஸ்போர்ட் குடுக்கப் போறா?"

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்கு அவன் அவர்களை பஸ் ஏற்றிவிடக்கூடப் போகவில்லை. அதற்குப் பிறகு பல மாதங்கள் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. சம்பளத்தில் வீட்டுக்குரியதை மட்டும் லொறிக்கார வீரய்யாவிடம் கொடுத்தனுப்பினான்.

இனி ஒரே வழிதான் இருந்தது. கண்டியில் இருந்த இந்திய அலுவலகத்தில் இந்தியப் பிரஜையாகப் பதிந்துகொண்டால் இந்தியப் பாஸ்போர்ட் கிடைக்கும். அங்கிருந்த அதிகாரி மதுரைப் பக்கத்து ஆள்.

"உங்க சொந்த ஊரு எது?"

"பதுளை."

"அது இருக்கட்டும். இந்தியாவில?"

தேவதாசனுக்குத் தெரியவில்லை. அதிகாரி பேனாவை மூடிவைத்தார்.

"தாத்தா பிறந்த ஊர் பேராவது வேணுமே. இன்னொண்ணும் சொல்லிடுறேன். இந்தப் பாஸ்போர்ட்டை வாங்கிட்டு நீங்க லண்டனுக்குப் போகலாம், எங்க வேணும்னாலும் போகலாம். ஆனா இலங்கைக்குத் திரும்பி வர்றதுக்கு விசா கேக்கணும். குடுக்கிறதும் குடுக்காததும் அவங்க இஷ்டம்."

"வீட்டுக்கு வர்றதுக்கு விசாவா?"

"ஆமா. யோசிச்சு வாங்க."

அவன் யோசித்தான். யோசிக்க யோசிக்க ஆத்திரம்தான் வந்தது. இதற்கிடையில் குமாரசிங்கம் அங்கே பேராசிரியரிடம் மன்றாடி இன்னும் ஒரு வருடம் வாங்கிக் கொடுத்தான். ஐம்பத்தேழு ஐப்பசிக்குள் வராவிட்டால் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஒருநாள் மத்தியானம் இருதயம்மா வேலைத்தளத்து வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"முசிறிக்குப் பக்கத்துல புளியம்பட்டின்னு ஒரு சின்ன ஊராம்ப்பா. உங்க தாத்தா பொறந்தது. நம்ம லயத்து வீடுகள்ல பழைய ஆளுங்ககிட்டல்லாம் கேட்டு விசாரிச்சேன்."

"அத வச்சு போனா திரும்பி வர முடியாது, தெரியுமாம்மா?"

"வர முடியாட்டி என்னப்பா. நீ படி." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்தாள். "என்னாலதான் நின்னு போச்சுன்னு இருக்க வேணாம்."

அவளைத் தேத்தண்ணீர் கடைக்குக் கூட்டிப் போய் வடை வாங்கிக் கொடுத்தான். மன்னிப்புக் கேட்க நினைத்தான். கேட்கவில்லை.

ஐம்பத்தேழு புரட்டாதியில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு கப்பலேறினான். குமாரசிங்கம் படிப்பை முடித்து, அதற்குள் பதுளைக்கே திரும்பி வேலைத்தளத்தின் மனேஜர் ஆகியிருந்தான்.

அந்த ஊர்க் குளிர் தேவதாசனை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. அப்புத்தளைப் பனியில் வளர்ந்தவன். வேறு விஷயங்கள்தான் பாதித்தன. பல்கலைக்கழகம் அவனை இந்திய மாணவர்களோடு சேர்த்தது. அவர்கள் எந்த மாவட்டம் என்று கேட்டார்கள். இலங்கை மாணவர்களின் சோற்று விருந்துக்குப் போனான். அங்கே ஒருவன் சிரித்துக்கொண்டே, "நீங்கள் இந்தியன் பாஸ்போர்ட் எல்லே?" என்றான். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் போகவில்லை.

படிப்பு மட்டும் அவன் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. மோட்டார் தொழிற்சாலைகளுக்குக் கூட்டிப்போய், கையில் கடிகாரத்தைக் கொடுத்து நிற்கவைத்தார்கள். ஓரிடத்தில் தேக்கம் வந்தால் அந்த இடத்தைப் பார்க்காதே, அதற்கு முந்திய இடத்தைப் பார் என்றார்கள். அவன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஊவாவில் ஒரு தேயிலை ஸ்டோர். அதைப் படித்த பேராசிரியர், "திங்கட்கிழமை போய்ச் செய்யப் போகிறவன் எழுதியதுபோல இருக்கிறது" என்றார். அவருக்குத் தெரிந்த ஒரு தொழிற்சாலையில் வேலையும் தருவதாகச் சொன்னார். தேவதாசன் மறுத்துவிட்டான்.

"எனக்கு ஊரில் வேலை இருக்கிறது, சார்."

ஐம்பத்தொன்பது மாசியில் கொழும்பில் வந்து இறங்கினான். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது: மூன்று மாத விசா, விருந்தினராக. சம்பளத்துக்கோ சம்பளம் இல்லாமலோ எந்த வேலையும் செய்யக்கூடாது. "யாரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள்?" என்று அதிகாரி கேட்டார். "எங்க அப்பா அம்மாவை" என்றான்.

வேலை அனுமதி கேட்டு வேலைத்தளத்தின் பேரில் குமாரசிங்கம்தான் விண்ணப்பித்தான். பங்குனிக் கடைசியில் பதில் வந்தது. குமாரசிங்கம் அதை இரண்டு தரம் படித்துவிட்டு மடித்து மேசையில் வைத்தான்.

"என்னடா போட்டிருக்கு?"

"இந்தப் படிப்புப் படிச்ச இலங்கைப் பிரஜை ஒராள் ஏற்கெனவே அந்த வேலைத்தளத்திலை இருக்கிறபடியால், வெளிநாட்டவர் தேவையில்லையாம்."

"யார் அந்த ஆளு?" கேட்டபிறகுதான் தேவதாசனுக்குப் புரிந்தது. சிரிப்பு வந்தது. அது சிரிப்பாக முடியவில்லை. "நீதானா?"

"நான் என்ன செய்யிறது மச்சான்? படிக்காமல் இருந்திருக்க வேணுமே?"

"நான் அப்பிடிச் சொன்னேனா?"

"உன்ரை முகம் சொல்லுது. நீ ஒண்டு தெரிஞ்சு கொள். நான் படிச்சு வந்து என்னத்தைக் கிழிச்சன்? எந்தத் துரையும் என்னை ரோலரைத் தாண்டி விடுறானில்லை. மனேஜர் எண்டு கதவிலை பேர் எழுதியிருக்கு, அவ்வளவுதான்."

"அந்தக் கொறைய சொல்றதுக்காவது உனக்கு ஒரு கதவு இருக்கே!"

குமாரசிங்கத்தின் முகம் சுருங்கிவிட்டது. இருவரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

சித்திரையில் மழை பெய்து கொழுந்து பொங்கியது. யாகோப்பின் ஸ்டோரில் ஒரு ரோலரின் தாங்கி உடைந்து, வேலைத்தளத்துக்குச் சொல்லியனுப்பினார்கள். குமாரசிங்கம் தானே ஜீப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தான். டீமேக்கர் குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தி ஹோர்ன் அடித்தான்.

"ஏறு. சும்மா பாக்க வா. பாக்கிறதுக்கு ஒருத்தரும் அனுமதி கேக்கேல்லைத்தானே."

தேவதாசன் ஏறினான்.

ஸ்டோரில் அதே காட்சி. வாட்டு மாடி நிரம்பி வழிந்தது. கீழே கொழுந்து இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தது. யாகோப்பு தொண்டை கட்டிப்போய் ஆட்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். தேவதாசன் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தான். அடுப்பில் ஏற்றிய சட்டிபோலச் சுட்டது. கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு சட்டையை மடித்துவிட்டான்.

"வேண்டாம் மச்சான்," என்றான் குமாரசிங்கம்.

அவன் கேட்கவில்லை. குவியலை உடைத்துக் கீழ்த்தளத்தில் மெல்லிசாகப் பரப்பச் சொன்னான். மாடியில் நேற்றைய கொழுந்து கிடந்த தட்டுகளைக் காட்டி, முதலில் வந்தது முதலில் இறங்கட்டும் என்றான். வெளியே லொறியோடு நின்ற வீரய்யாவிடம் ஓடினான்.

"வீரய்யா அண்ணே, எல்லா மலையும் சுத்தி நெறச்சிக்கிட்டு வராதீங்க. நேரா மேல் டிவிஷன் போங்க. பாதி லொறின்னாலும் பரவால்ல, கொண்டாந்து கொட்டிட்டு அப்புறம் கீழ போங்க."

"தொரை பாதி லொறி ஓட்டுனா ஏசுவாருங்க."

"நான் பாத்துக்கிறேன்."

குமாரசிங்கம் ரோலரின் தாங்கியை மாற்றிவிட்டுப் போனான். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தேவதாசன் அங்கேதான் நின்றான். மூன்றாம் நாள் பின்னேரம் ஸ்டோரின் கீழ்த்தளம் காலியாக இருந்தது. ரோலர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. யாகோப்பு ஒரு பிடி தேயிலையை முகர்ந்துவிட்டு மகனிடம் நீட்டினார். துரை வந்தார், சுற்றிப் பார்த்தார், யார் இவர் என்று கேட்டார்.

"என் மகனுங்க சார். சீமையில படிச்சவன்."

"மிக நன்று, மிக நன்று," என்றார் துரை. ரோலரோடு உன் வேலை முடிந்தது என்று முன்பு தானே சொல்லியனுப்பிய பையன் இவன்தான் என்பது அவருக்கு நினைவில்லை.

கெடுதல் அந்தப் பாராட்டிலிருந்துதான் வந்தது. துரை பண்டாரவளைக் கிளப்பில், இங்கிலாந்தில் படித்த ஓர் இந்தியப் பையன் என் ஸ்டோரையே மாற்றிவிட்டான் என்று பெருமையாகப் பேசியிருக்கிறார். கேட்டவர்களில் யாரோ அதை வேறெங்கோ சொல்லியிருக்கிறார்கள். அடுத்த கிழமை பொலிஸ்காரர் ஒருவர் குவார்ட்டர்ஸுக்கு வந்து, மரியாதையாகவே, பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னார். விசாவை நீடிக்கக் கேட்ட மனு திருப்பியனுப்பப்பட்டது. வேலை செய்து நிபந்தனையை மீறியவர் என்று எழுதியிருந்தார்கள்.

குமாரசிங்கம் கொழும்புக்குப் போய்ப் பேசிப் பார்த்தான். துரையும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. இந்தியாவில், குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் அவனை உதவி மனேஜராக எடுக்கச் சம்மதித்தார்கள். தேவதாசன் பெட்டியைக் கட்டினான்.

புறப்படுகிற வாரம் துரை ஆளனுப்பினார்: ஸ்டோரில் செய்த அந்த ஒழுங்கை முழுதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும், கணக்கப்பிள்ளைகள் பார்த்து நடத்துவார்கள்.

"எழுதித் தர மாட்டேன்னு சொல்லுங்க," என்றான் தேவதாசன். "எழுதுறதும் வேலைதான். எனக்கு வேலை செய்ய அனுமதி இல்ல."

யாகோப்பு வந்த ஆளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தொரைக்குக் குடுக்க வேணாம்டா. எனக்கு சொல்லு. அந்தக் குமியலுக்குப் பக்கத்துல நிக்கிறவன் நான்."

"நான் இல்லாம நடக்காதுப்பா. ஒங்க பேச்ச கேக்க மாட்டாங்க."

"கேக்க வைக்கிறது என் பாடு. சொல்லு."

இருதயம்மா பெட்டிக்குள் கருவாட்டுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டே, "அவுருக்காவது சொல்லிட்டுப் போப்பா" என்றாள்.

சொன்னான். சொல்லத் தொடங்கியது சண்டையாக மாறியது. யாகோப்பு முப்பது வருட டீமேக்கர்; ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுப்பு வைத்திருந்தார். மழை நாளில் தட்டு காயாது என்றார். ஆள் போதாது என்றார். ஜீப்பில் பெட்டியை ஏற்றும்போதும், பெரகலைச் சந்திக்கு இறங்கும்போதும் இருவரும் விடாமல் தர்க்கம் செய்தார்கள். இருதயம்மா நடுவில் அமர்ந்து ஜெபமாலை உருட்டினாள். குமாரசிங்கம் ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டினான். சந்தியில் ஜீப் நிற்கும்போதே அப்புத்தளை பஸ் வந்துவிட்டது. அப்புத்தளையில் ரயிலேறி, இந்தியக் கப்பலுக்குத் தலைமன்னார் போகவேண்டும்.

தேவதாசன் அம்மாவின் கையைப் பிடித்தான். அவள் அவன் நெற்றியில் சிலுவை போட்டாள். "அம்மா, அன்னக்கி கச்சேரி வாசல்ல நான்..." என்று ஆரம்பித்தான்.

"பஸ்ஸு போயிரும், ஏறு," என்றாள் அவள்.

குமாரசிங்கம் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு அவன் தோளை ஒருமுறை அழுத்தினான். கண்டக்டர் மணியடித்தார். யாகோப்பு ஜன்னலருகே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் சரி. மேல் டிவிஷன்ல கொழுந்துக்காரங்க எறங்கி, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வரவே நேரமாயிருமே. அதுக்கு முன்னால லொறி போயி என்னத்த ஏத்தும்? அத நீ யோசிக்கல!"

தேவதாசன் அதையும் யோசித்திருந்தான். ஆய்வில் ஒரு முழு அத்தியாயமே அதற்காக எழுதியிருந்தான். பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது. அவன் பாதி உடம்பை வெளியே நீட்டினான்.

"மடுவத்துக்கு எறங்க வேணாம்ப்பா! தராசக் கொண்டுபோயி மேல ரோட்டுலயே நிறுக்கச் சொல்லுங்க! மேல ரோட்டுல!"

யாகோப்பு காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு பஸ்ஸின் பின்னால் நாலெட்டு ஓடினார்.

"என்னாது? கேக்கலடா!"

அவன் மறுபடியும் கத்தினான். வளைவில் பஸ் திரும்பியது. பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து அவனை உள்ளே இழுத்து உட்காரவைத்தார்.